மீன் குழிக்கு எந்தக் கம்பி?

வீட்டுக்குப் பின்னால் இருக்கிற மீன் குளத்தை மிருகங்களிடமிருந்து எப்படிக் காப்பாற்றுவது என்று யூடியூபில் தேடிப் பாருங்கள். முக்கால்வாசி வீடியோ ரக்கூனைப் பற்றித்தான் இருக்கும். கண்ணைச் சுற்றிக் கறுப்புப் பட்டி, வளையம் வளையமாக வால், மனுசக் கை மாதிரி முன்னங்கால். அமெரிக்காவில் ஒருவர் தன் வீட்டுப் புல்தரையில் நின்றுகொண்டு, அசைவைக் கண்டால் தானாகத் தண்ணீர் பீய்ச்சுகிற மெஷின் ஒன்றை விளக்குவார். நல்ல விசயம்தான். ஆனால் கந்தப்பளையில் ரக்கூன் கிடையாது. தை, மாசி வந்தால் பீலியிலேயே தண்ணீர் நூல் மாதிரித்தான் வடியும். இதில் தானாகப் பீய்ச்சுவதற்குத் தண்ணீருக்கு எங்கே போவது?

ரக்கூன் இல்லாதது ஒரு வகையில் நிம்மதி. அது வட அமெரிக்காவின் பிராணி. 1934இல் ஜேர்மனியில் எடர்சே என்ற ஏரிப் பக்கம் இரண்டு சோடியைக் கொண்டுபோய்க் காட்டில் விட்டார்கள், இன்றைக்கு அந்த நாடு முழுக்க அதுதான். ஜப்பானில் 1977இல் ரஸ்கல் என்ற ரக்கூன் குட்டியின் கார்ட்டூன் தொலைக்காட்சியில் ஓடியது. பிள்ளைகள் கேட்டார்கள் என்று ஆயிரக்கணக்கில் இறக்குமதி செய்து வளர்த்தார்கள், வளர்ந்து கடிக்கத் தொடங்கியதும் காட்டில் கொண்டுபோய் விட்டார்கள். அங்கே ரக்கூனைப் பிடிக்கிறவர்களுக்கு ஒரு நியாயம் இருக்கிறது: அது வெளியிலிருந்து வந்தது.

எங்கள் குழிக்கு வருகிறவற்றைப் பார்த்து அப்படிச் சொல்ல முடியாது. அதுகள் கோப்பிக்கு முன்னாலேயே இங்கே இருந்தவை. காட்டை வெட்டிக் கோப்பி போட்டார்கள், கோப்பி நோய் வந்து அழிந்ததும் தேயிலை போட்டார்கள், வெட்டுவதற்கும் நடுவதற்கும் எங்கள் பாட்டன் பூட்டனைக் கப்பலேற்றிக் கொண்டு வந்தார்கள். ஆக இந்த மலையில் கடைசியாக வந்தவர்கள் நாங்கள்தான். இதைச் சொன்னால் எங்களில் சிலருக்கே கோபம் வரும். வரட்டும், ஆனால் மீன் குழி வைத்திருக்கிற யாரும் இதை மறந்துவிட்டு வேலை செய்ய முடியாது.

குளம் என்று சொன்னால் அம்மாயி சிரிப்பார். "பன்னெண்டடி குழிக்கு குளம்னு பேரு வச்சிருக்கானுவ." சரி, குழிதான். பன்னிரண்டடி நீளம், எட்டடி அகலம், மூன்றடி ஆழம். லயத்துக்குப் பின்னால் மரக்கறிப் பாத்தி முடிகிற இடத்தில், பீலியிலிருந்து வழிகிற தண்ணீர் வந்து நிற்கிற மாதிரி வெட்டி, கறுப்புப் பொலித்தீன் விரித்தது. எங்களில் ஐந்து பேருக்கு இதில் பங்கு.

வெட்டினது 2022இல். அந்தக் காலத்தை இங்கே யாருக்கும் ஞாபகப்படுத்தத் தேவையில்லை. அதற்கு முதல் வருசம் அரசாங்கம் இரசாயனப் பசளையை ஒரே இரவில் தடை செய்தது. லீக்ஸும் உருளைக்கிழங்கும் சூம்பிப் போன பிறகு தடையை எடுத்தார்கள், ஆனால் பிறகு பசளை மூட்டையின் விலையைக் கேட்கவே பயமாக இருந்தது. டின் மீன் கடையில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைக்கிற சாமானாகிவிட்டது. பாத்திக்குத் தண்ணீரும் ஆச்சு, பிள்ளைகளுக்குக் கறிக்கு மீனும் ஆச்சு என்று நினைத்துத்தான் வெட்டினோம். நுவரெலியாவிலிருந்து கார்ப் குஞ்சு 60 கொண்டு வந்து விட்டோம். திலாப்பியா இந்தக் குளிரில் வளராது. கார்ப் தாங்கும், ஆனால் மெதுவாகத்தான் பெருக்கும். ஆறாயிரம் அடிக்கு மேலே எதுவுமே அவசரப்படுவதில்லை, பஸ்ஸையும் சேர்த்து.

நாலைந்து மாதம் ஒன்றும் நடக்கவில்லை. மீன் உள்ளங்கை அளவுக்கு வந்ததும் குறையத் தொடங்கியது.

முதல் சந்தேகம் கொக்கு மேலே. மடையான் ஒன்று விடியக் காலையில் வந்து குழிக்கரையில் தவம் இருக்கும். வெயில் வந்ததும் எழும்பிப் போகும். ஆனால் அதன் வாய்க்குக் கொள்கிற மீன்தான் அதற்குத் தோது. காணாமல் போனது பெரியவை. குரங்கைச் சொன்னார்கள். செங்குரங்கு கூட்டமாக வந்தால் பாத்தியில் கரட்டைப் பிடுங்கி ஒரு கடி கடித்து எறிந்துவிட்டுப் போகும், குழியில் நாங்கள் வைத்த அல்லியையும் இழுத்துப் போட்டது. அதெல்லாம் பகல் வேலை. மீன் போனது ராத்திரியில். பன்றி வந்தால் கரையே இருக்காது, அது குழிக்குள் இறங்கிச் சேறாடிவிட்டுத்தான் போகும். முள்ளம்பன்றிக்குக் கிழங்குதான் கண், மீன் அல்ல. மிச்சம் இருந்தது நீர்நாய், மரநாய், பிறகு பேர் தெரியாத ஒன்று.

அம்மாயிதான் வழி சொன்னார். அடுப்புச் சாம்பலைச் சலித்துக் குழியைச் சுற்றி ஒரு முழ அகலத்துக்குத் தூவச் சொன்னார். அந்தக் காலத்தில் கோழிக்கூட்டுக்கு இப்படித்தான் செய்வார்களாம். இதை எல்லோருக்கும் சொல்லுகிறோம்: காசு செலவழிக்கிறதுக்கு முன்னால் சாம்பல் தூவிப் பாருங்கள். நீர்நாயின் காலில் ஐந்து விரல் பதியும், விரல்களுக்கு இடையில் சவ்வு இழுத்த மாதிரி இருக்கும், பக்கத்தில் செதிலும் முள்ளும் கலந்த எச்சம் நாறிக்கொண்டு கிடக்கும். பூனைச் சாதிக்கு நாலு விரல்தான். எங்கள் சாம்பலில் நாலு விரல் இருந்தது. வீட்டுப் பூனையின் காலைவிடப் பெரிசு, சிறுத்தைக்குப் போதாது. நாலில் ஒன்றில் நகநுனியும் லேசாகப் பதிந்திருந்தது. பூனைக்கு நகம் பதியாதே என்று குழம்பினோம்.

அன்றைக்குப் பின்னேரம் மாமா ஒருவர் வந்து பார்த்தார். மேல் லயத்தில் இருக்கிறவர், எங்களுக்கு லீக்ஸ் நடப் பழக்கினவரும் அவர்தான். குந்தி இருந்து தடத்தைப் பார்த்தார். பிறகு சொன்னார்:

"இதுக்கா இம்புட்டு யோசன? மோட்டசைக்கிள் கிளச் கேபிள் ஒண்ணு இருந்தா குடுங்கடா. சுருக்கு போட்டா விடிய ஆளு கெடப்பான்."

"வேணாம் மாமா."

"என்னா வேணாம்? மீனு ஒங்களுதுதானே?"

அவர் கெட்ட மனிதர் இல்லை. இதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் சுருக்கு போடுகிறவன் என்றதும் கொழும்பில் இருந்து எழுதுகிறவர்களுக்குக் கண்ணில் வருவது ஒரு கொடூரன். இங்கே சுருக்கு போடுகிறவர், மூன்று மாதம் தண்ணீர் சுமந்து வளர்த்த கிழங்கை ஒரே ராத்திரியில் பன்றிக்குக் கொடுத்துவிட்டு, விடிந்ததும் கொழுந்து நிறுக்கப் போகிறவர். அந்தப் பாத்திக்கு அவரிடம் உறுதி கிடையாது. தோட்டத்துக் காணியில் தோட்டம் பார்த்தும் பார்க்காமலும் விட்டிருக்கிற ஒரு துண்டு நிலம். சொந்தம் என்று எழுதிக் கொடுக்காத நிலத்துக்கு யாரும் செங்கல் வைத்து வேலி கட்டுவதில்லை. இன்றைக்குக் கட்டி, நாளைக்கு எடு என்றால்? கிளச் கேபிள் சும்மா கிடைக்கிறது. கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போகவும் முடிகிறது. நிலமில்லாதவனின் வேலி அதுதான்.

ஆனால் சுருக்குக்குக் கண் இல்லை. 2020 மே 26ஆம் திகதி நல்லதண்ணி, லக்சபான தோட்டப் பக்கத்தில் ஒரு மரக்கறிப் பாத்தியில் கட்டியிருந்த சுருக்கில் கருஞ்சிறுத்தை ஒன்று கழுத்தோடு மாட்டியது. உடவளவைக்குக் கொண்டு போய் வைத்தியம் பார்த்தார்கள். 29ஆம் திகதி செத்துப் போனது. இலங்கையில் கருஞ்சிறுத்தையைக் கண்ணால் கண்டவர்கள் மிகக் கொஞ்சம் பேர். கறுப்பு என்பதால் அது வேறு இனம் ஒன்றும் இல்லை, நம் மலையில் திரிகிற அதே சிறுத்தைதான். பரம்பரை அலகில் ஒரு சின்ன வித்தியாசம், தோல் கறுப்பாகிறது. அந்தக் கம்பியைக் கட்டினவருக்குச் சிறுத்தை வேண்டியிருக்காது. பன்றிக்குத்தான் கட்டியிருப்பார்.

அந்த வாரம் பேஸ்புக்கில் எங்கள் ஆட்களைத் திட்டின திட்டு கொஞ்சமில்லை. தோட்டத்தான், காட்டுமிராண்டி, இன்னும் எழுத முடியாதது. நாங்கள் அப்போது பள்ளிக்கூடப் பிள்ளைகள், ஊரடங்கில் வீட்டில் அடைந்து கிடந்தோம். போனில் அதை வாசித்துவிட்டு எதிர்ப்பேச்சு எழுதத் தெரியாமல் இருந்தோம். கொழுந்து எடுக்கப் போன அக்காமாரைச் சிறுத்தை தாக்கி, தலையில் தையலோடு ஆஸ்பத்திரியில் கிடக்கிற படம் வருகிற நாளில் அதே ஆட்கள் எங்கே போகிறார்கள் என்று மட்டும் கேட்டுக்கொண்டோம். இரண்டும் உண்மைதான். சிறுத்தை எங்களைப் பிராண்டுகிறதும் உண்மை, எங்கள் சுருக்கில் சிறுத்தை சாகிறதும் உண்மை. ஒன்றைச் சொல்லி மற்றதை அழிக்க முடியாது.

அதனால்தான் மாமாவிடம் வேண்டாம் என்றோம். சட்டமும் இருக்கிறது: 1937இன் வனசீவராசிகள், தாவரங்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம். மாட்டினால் மறியல். ஆனால் உண்மையைச் சொன்னால், சட்டத்துக்குப் பயந்து இங்கே யாரும் சுருக்கை அவிழ்த்ததை நாங்கள் பார்த்ததில்லை. வேறு ஏதாவது கம்பி அதைவிட நன்றாக வேலை செய்தால்தான் அவிழ்ப்பார்கள். அதைக் காட்டித்தான் ஆக வேண்டும் என்று எங்களுக்குள் ஒரு வைராக்கியம் வந்தது.

எங்களில் ஒருவரின் அண்ணன் கொழும்பில் கடையில் நிற்கிறவர். தீபாவளிக்கு வரும்போது பழைய சீசீடீவி கமரா ஒன்றைக் கொண்டு வந்தார். இருட்டிலும் எடுக்கும். குசினி ஜன்னலில் கட்டிக் குழிப் பக்கம் திருப்பி வைத்தோம். முதல் இரண்டு ராத்திரி மூடுபனி மட்டும். மூன்றாவது ராத்திரி ஒரு மணி தாண்டி, பனிக்குள்ளிருந்து கட்டைக் காலும் கட்டை வாலுமாக ஒன்று வந்து கரையில் குந்தியது. அசையாமல் இருந்தது. வீட்டுப் பூனை எலிப்பொந்துக்கு முன்னால் இருக்குமே, அப்படி. பிறகு முன்னங்காலால் தண்ணீரை இரண்டு தட்டுத் தட்டியது. மூன்றாவது தட்டுக்கு மீன் மேலே வர, தலையைக் குத்தித் தண்ணீருக்குள்ளேயே பாய்ந்தது. எழுந்தபோது வாயில் மீன்.

காலையில் அம்மாயிக்குப் போனில் காட்டினோம். "அட புலிக்குட்டி," என்றார். பிறகு, "தாய் பக்கத்துல இருக்கும், பிள்ளைகள வெளிய விடாதீங்க."

புலிக்குட்டி இல்லை. மீன்பிடிப் பூனை. சிங்களத்தில் ஹந்துன் திவியா. உடம்பெல்லாம் வரிசை வரிசையாகப் புள்ளி இருப்பதால் நிறையப் பேர் சிறுத்தைக்குட்டி என்றுதான் நினைக்கிறார்கள், அந்தப் பயத்தில் அடித்தும் கொல்கிறார்கள். இலங்கையில் காட்டில் வாழ்கிற பூனைச் சாதி நாலு: சிறுத்தை, மீன்பிடிப் பூனை, காட்டுப்பூனை, பிறகு உள்ளங்கைக்குள் அடங்குகிற குட்டி போடும் துரும்பன் பூனை. இதில் மீன்பிடிப் பூனைக்கு விரலிடுக்கில் கொஞ்சம் சவ்வு உண்டு, நகம் முழுக்க உள்ளே போகாது. சாம்பலில் நகநுனி பதிந்த புதிர் அப்போதுதான் விளங்கியது. உலகத்தில் எண்ணிக்கை குறைந்துகொண்டு வருகிற பிராணி, நம் நாட்டுச் சிவப்புப் பட்டியலில் அருகி வருகிற இனம். அப்படிப்பட்ட ஒன்று எங்கள் பன்னிரண்டடிக் குழிக்கு வந்து கார்ப் தின்றுவிட்டுப் போயிருக்கிறது. பெருமைப்படுவதா, வயிறு எரிவதா என்று தெரியவில்லை. இரண்டும்தான்.

இது கந்தப்பளைக்கு மட்டும் நடந்த கதை இல்லை. கொழும்பில் ஒரு வீட்டுத் தோட்டத்துக் குளத்தில் விலையுயர்ந்த கொய் மீன் ஒவ்வொன்றாகக் காணாமல் போய், கமரா வைத்துப் பார்த்தால் அங்கேயும் இதே திருடன்தான். அன்யா ரத்நாயக்க என்ற ஆய்வாளரும் அவருடைய ஆட்களும் கொழும்புச் சதுப்பு நிலத்தில் மீன்பிடிப் பூனைகளுக்குக் கழுத்துப்பட்டி மாட்டிப் பின்தொடர்ந்திருக்கிறார்கள். கட்டடங்களுக்கு நடுவில், கூரை மேல், கால்வாய் ஓரமாக அதுகள் திரிகின்றன. 2018இல் கொழும்புக்கு ராம்சார் ஈரநில நகரம் என்ற பட்டம் கிடைத்தபோது தலைநகரங்களில் அதுதான் முதல். மேற்கு வங்காளத்தில் ஹவுரா மாவட்டத்துக் கிராமங்களில் வீட்டுக்கு வீடு குளம், குளத்துக்குக் குளம் இந்தப் பூனை. அங்கே அது மாநில விலங்கு. அங்கேயும் மீன் போனவன் பூனையை அடிக்கிறான், படித்த பிள்ளைகள் வீடு வீடாகப் போய்ப் பேசுகிறார்கள். நம்ம கதைதான், மொழிதான் வேறு.

இனி என்ன செய்தோம் என்பதைச் சொல்லுகிறோம்.

யூடியூப் ரக்கூன்காரர் சொன்னதில் ஒன்று இங்கே உதவாது: ஆழம். குளத்தை ஆழமாக, கரையைச் செங்குத்தாக வெட்டினால் ரக்கூனுக்கு நிற்க இடமில்லாமல் போகுமாம். கொக்குக்கும் அது சரி, அதன் கால் நீளத்துக்கு மேலே தண்ணீர் இருந்தால் இறங்காது. மீன்பிடிப் பூனையோ நீச்சலடிக்கும், முக்குளிக்கும். நீர்நாயைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். ஆனாலும் மூன்றடி ஆழத்தைக் குறைக்கவில்லை. தையில் பனி விழுந்து புல் வெள்ளையாகிற காலையில் மீனெல்லாம் அடியில் போய்த்தான் உயிர் பிடிக்கும்.

நாய் கட்டச் சொன்னார்கள். தேயிலைத் தோட்டத்தில் சிறுத்தைக்கு நாய் ஒரு சாப்பாடு. ராத்திரியில் வெளியில் நாயைச் சங்கிலியில் கட்டுவது பூனைக்குப் பயந்து சிறுத்தைக்கு விருந்து வைக்கிற கதை. சூரிய ஒளி லைட் ஒன்று குத்தி வைத்தோம், மூன்று நாள் தயங்கிய பூனை நாலாம் நாள் அந்த வெளிச்சத்திலேயே மீன் பிடித்தது, எங்களுக்கும் படம் தெளிவாக வந்தது. பாத்திக்குப் போடுகிற நைலோன் வலையைத் தொங்க விடலாம் என்று ஒரு யோசனை வந்தது. அதைச் செய்யாதீர்கள். தளர்ந்து கிடக்கிற நைலோனில் சாரைப்பாம்பு தலையை விட்டால் முன்னுக்கும் போகாது, பின்னுக்கும் வராது. பாத்திகளில் அப்படிச் செத்துக் காய்ந்து கிடக்கிறதைப் பார்த்திருக்கிறோம். எலி பிடிக்கிறவனைக் கொன்றுவிட்டு எலிக்கு மருந்து வாங்குவது நம் ஊர் வழக்கம்.

கடைசியில் செய்தது சட்டம் அடித்த மூடி. டர்பன்டைன் கம்பில் ஆறடிக்கு எட்டடியாக இரண்டு சட்டம், அதில் ஓரங்குலக் கண் வைத்த, ஒட்டு வைத்த இரும்புக் கம்பி வலை. கோழிக்கூட்டு வலை மெல்லிசு, பத்துக் கிலோ பூனை ஏறி இருந்தால் பள்ளமாகித் தண்ணீரைத் தொடும், அதுக்குப் பிறகு மூடி இருந்தும் ஒன்றுதான் இல்லாமலும் ஒன்றுதான். தண்ணீருக்கும் வலைக்கும் நடுவில் ஒன்றரை அடி இடைவெளி விட்டோம், கால் விட்டாலும் எட்டாது. சுற்றிவர வலையை வெளிப்பக்கமாக ஒரு முழம் மடித்துத் தரையில் படுக்கவிட்டு மேலே கல் அடுக்கினோம். தோண்டப் பார்க்கிறது கம்பியில்தான் தோண்டும். மூடிக்குக் கொண்டி வைத்துக் கம்பியால் முறுக்கிக் கட்டினோம், வெறும் கொக்கி என்றால் குரங்கு ஒரு நாளில் படித்துவிடும். அடியில் உடைந்த நாலங்குல பிவிசி பைப் துண்டுகள், மீனுக்கு ஒளிய. உள்ளே ஒரு பலகை சாய்த்து வைத்திருக்கிறோம், தவறி விழுகிற பல்லி, ஓணான் ஏறிப் போக. தவளைக்கு வலைக்கண்ணே போதும். (நம் மலையில் பல மரத்தவளைகள் தலைப்பிரட்டையாகவே வாழ்வதில்லை, முட்டையிலிருந்து நேராகக் குட்டித் தவளை வெளியே வரும். குழியே தேவைப்படாத ஆட்கள். ஆனாலும் வருகிறார்கள், எதற்கென்று தெரியாது.)

மூடி போட்ட பிறகு அம்மாயிக்கு நிம்மதி வேறு காரணத்துக்கு. பக்கத்து வீட்டுச் சின்னது நடக்கத் தொடங்கியிருக்கிறது. மூன்றடித் தண்ணீர் ஒரு பிள்ளைக்குப் போதும். குழி வெட்டுகிற யாரும் மீனுக்காக இல்லாவிட்டாலும் இதற்காக மூடி போடுங்கள்.

பூனை பிறகும் வந்தது. கமராவில் இருக்கிறது. மூடி மேல் ஏறி நடந்து, வலையை மோந்து, தட்டிப் பார்த்து, ஒரு மணித்தியாலம் இருந்து, போயிற்று. அடுத்த நாளும். பிறகு வாரத்துக்கு ஒரு முறை. இப்போது எங்கள் குழியை விட்டுவிட்டுக் கீழே ஆற்றுப் பக்கமாகப் போகிறது என்று நினைக்கிறோம், அதன் உண்மையான கடை அங்கேதான்.

இவ்வளவையும் வாசித்துவிட்டு மீனெல்லாம் தப்பிவிட்டது என்று நினைக்காதீர்கள். நாங்கள் ஒரு கொப்பியில் கணக்கு எழுதி வைத்திருந்தோம். மூடி போடும் வரைக்கும் பூனை கொண்டுபோனது, எங்கள் கணக்கில், 14. கொக்கு ஏழு, எட்டு. ஒரு சனிக்கிழமை மேல் பாத்தியில் லீக்ஸுக்கு மருந்து அடித்தார்கள். பின்னேரம் மழை. ஞாயிறு விடிய மூடியைத் திறந்தால் 22 மீன் வயிறு மேலே. ஒரே நாளில் 22. யாருடைய பாத்தி என்று எழுதப் போவதில்லை, கந்தப்பளையில் மருந்து அடிக்காத பாத்தி எங்கே இருக்கிறது? பிள்ளைகள் அந்த மீனைக் கறிக்குக் கேட்டார்கள். குழி தோண்டிப் புதைத்தோம்.

பூனை 14 தின்றதுக்குக் கிளச் கேபிள் தேடினோம். 22ஐ ஒரே மழையில் கொன்றதுக்கு யாரும் எதையும் தேடவில்லை. அந்தப் போத்தலில் என்ன எழுதியிருக்கிறது என்று கூட யாரும் வாசிக்கவில்லை. அதே தண்ணீர்தான் கீழே இறங்கி அடுத்த லயத்துப் பீலிக்குப் போகிறது. மிருகத்திலிருந்து குழியைக் காப்பாற்றுகிறது பற்றி எழுத உட்கார்ந்தோம், எங்கள் கொப்பி வேறு ஒன்றைச் சொல்லுகிறது. இப்போது குழிக்கு மேல் பக்கம் ஒரு கான் வெட்டியிருக்கிறோம். தேயிலை மலையில் வெட்டுகிற அதே மாதிரி, சரிவுக்குக் குறுக்காக. பாத்தித் தண்ணீர் குழிக்கு வராமல் ஒதுங்கிப் போகும். எங்கே ஒதுங்கிப் போகிறது என்று கேட்காதீர்கள், அதற்கு இன்னும் எங்களிடம் பதில் இல்லை.

அரசாங்கத்துக்கும் மிருகக் கணக்கில் ஆர்வம் உண்டு. 2023இல் ஒரு இலட்சம் செங்குரங்கைச் சீனாவுக்கு அனுப்பப் போவதாகச் சொன்னார்கள். செங்குரங்கு உலகத்திலேயே இலங்கையில் மட்டும் உள்ளது. 2025 மார்ச் 15 காலை 8 மணியிலிருந்து 8.05 வரை, ஐந்தே நிமிடம், நாடு முழுக்க வீட்டுத் தோட்டத்தில் நிற்கிற குரங்கையும் மயிலையும் எண்ணச் சொன்னார்கள். நாங்களும் பின்பக்கம் போய் நின்றோம். ஐந்து நிமிடத்தில் வந்தது மூடுபனி மட்டும். குரங்கு ஒன்பதே காலுக்கு வந்தது, கரட்டைப் பிடுங்க. பயிர் சேதத்தை எண்ணுவதற்கு எந்த ஐந்து நிமிடத்தையும் யாரும் ஒதுக்கவில்லை. மீன்பிடிப் பூனை, மருந்து, உறுதியில்லாத பாத்தி, இதெல்லாம் அந்தப் படிவத்தில் இல்லை.

மூடிக்கு ஆன செலவை ஐந்து பேரும் பிரித்துக்கொண்டோம். கிளச் கேபிளுக்குப் பக்கத்தில் வைத்தால் அது பெரிய காசுதான், மறைக்கவில்லை. மாமா முதலில் சிரித்தார். "மீனுக்கு மாளிக கட்டிட்டானுவ." மூடி போட்டு இரண்டு மாதம் கழித்து ஒரு நாள் நாடாவோடு வந்தார். ஒன்றும் பேசாமல் சட்டத்தின் நீளம் அகலத்தை அளந்தார், மடித்துப் போட்ட வலையைக் காலால் அமுக்கிப் பார்த்தார். அவருடைய கிழங்குப் பாத்தியின் கீழ்ப்பக்கம், பன்றி வருகிற வழி மட்டும், முப்பதடி.

"இந்த வல பன்னிக்கு நிக்குமா?"

"தனியா நிக்காது மாமா. அடியில கல்லு வைக்கணும், கம்பு நெருக்கமா நடணும்."

"ம்."

சுருக்கை அவர் அவிழ்த்துவிட்டாரா என்று நாங்கள் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. வலை ரோலாகத்தான் மலிவு. ஒரு ரோலில் எங்கள் மாதிரிக் குழிக்கு மூன்று மூடி அடிக்கலாம், இல்லாவிட்டால் ஒரு குழியும் மாமாவின் முப்பதடியும். கொங்கோடியா, கோட்லொஜ், பார்க் பக்கம் இருக்கிற யாராவது குழி வைத்திருந்தால், அடுத்த சம்பளத்துக்குப் பிறகு ஒரு ரோல் எடுக்கப் போகிறோம், பங்கு சேருங்கள். சட்டம் அடிக்கிற கம்பும் ஆணியும் நீங்கள் கொண்டு வர வேண்டும்.